வெப்சைட் பார்த்தவர்தான் கூப்பிட்டாரா? கால் டிராக்கிங் எண்கள் வேலை செய்யும் விதம்

கொடைக்கானல் பக்கம் காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் மத்தியில் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு சுற்றுகிறது. கால் டிராக்கிங் என்று ஒன்று போட்டுவிட்டால் வெப்சைட்டுக்கு வந்துபோகிற எல்லாருடைய போன் நம்பரும் நமக்கு வந்துவிடுமாம். அவர்கள் கூப்பிடாவிட்டாலும் நாமே கூப்பிட்டு "ரூம் வேணுமா சார்" என்று கேட்கலாமாம். இதைக் கேட்டு ஆசைப்படுகிறவர்கள் ஒரு பக்கம். "அது போனை ஒட்டுக்கேட்கிற வேலை, மாட்டினால் வம்பு" என்று ஒதுங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். இதை விற்க வருகிறவர்கள் முதல் பேச்சை அழுத்தமாக மறுப்பதில்லை, ஏன் மறுக்கப் போகிறார்கள்?

இரண்டுமே தவறு. ஒரு வெப்சைட்டைத் திறந்தால் திறந்தவரின் போன் நம்பர் அந்த வெப்சைட்டுக்குப் போகாது. எந்த மாதிரி போன், எந்த மொழி, எந்த லிங்க்கை அழுத்தி வந்தார், தோராயமாக எந்த ஊர் இணைப்பு என்பது மாதிரியான விவரங்கள்தான் போகும். அவராகப் படிவத்தில் நிரப்பிக் கொடுத்தாலோ கூப்பிட்டாலோ ஒழிய நம்பர் தெரியாது. கால் டிராக்கிங் இதில் எதையும் மாற்றுவதில்லை. அது செய்வதெல்லாம் வருகிறவருக்கு *நாம் காட்டுகிற* நம்பரை மாற்றுவது மட்டும்தான். அந்த ஒரு விஷயத்திலிருந்து மிச்சமெல்லாம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

## முதலில், எதற்கு இது

நம்ம மலையில் ரூம் வியாபாரம் இன்னமும் போனில்தான் முடிகிறது. படம், வாடகை எல்லாம் வெப்சைட்டில் இருக்கும், ஆனாலும் கூப்பிடுவார்கள். கார் உள்ளே வருமா, கீசர் உண்டா, கேம்ப்ஃபயர் போடலாமா, பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம், மே மாதம் ரெண்டு நாள் தங்கினால் எவ்வளவு குறைப்பீங்க. இதையெல்லாம் ஒரு மனிதக் குரலிடம் கேட்காமல் யாரும் முன்பணம் அனுப்புவதில்லை.

வெப்சைட்டுக்கோ போன் செய்தவரும் ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டுப் போனவரும் ஒன்றுதான். இரண்டு பேரும் பக்கத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள், அவ்வளவுதான் அதன் கணக்கில் பதிவாகும். கூகுள் விளம்பரத்துக்கு மாதம் ஒரு தொகை, இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் எடுப்பவருக்கு ஒரு தொகை, வத்தலக்குண்டு ரோட்டில் போர்டு வாடகை என்று காசு பல வழியில் போகிறது. மணி அடிக்கிறது. எந்தக் காசு அந்த மணியை அடித்தது என்று தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கால் டிராக்கிங்.

கூப்பிடுகிறவரிடமே "எங்கே பார்த்தீங்க" என்று கேட்கலாமே என்றால், கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பத்துக்கு எட்டு பேர் "கூகுள்ல" என்றுதான் சொல்வார்கள். ரீல்ஸில் பார்த்து, பெயரை நினைவில் வைத்து, இரண்டு நாள் கழித்து கூகுளில் அந்தப் பெயரைத் தேடி வந்தவரும் அதையேதான் சொல்வார். பொய் சொல்கிறார் என்று இல்லை, அவருக்கு நினைவில் நிற்பது கடைசிப் படி மட்டும்.

## செருப்பு டோக்கன்

பழனி அடிவாரத்தில் செருப்பு விடுகிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் உங்கள் பெயரைக் கேட்பதில்லை, ஊரைக் கேட்பதில்லை. செருப்பை வாங்கி ஒரு கட்டத்தில் வைத்துவிட்டு அந்தக் கட்டத்தின் எண் போட்ட டோக்கனைக் கையில் கொடுக்கிறார். மலையேறி சாமி பார்த்து இறங்கி வந்து டோக்கனை நீட்டினால் சரியான ஜோடி வருகிறது. டோக்கனை உங்கள் மச்சானிடம் கொடுத்தனுப்பினாலும் அதே ஜோடிதான் வரும், ஏனென்றால் அங்கே அடையாளம் காணப்படுவது ஆள் இல்லை, டோக்கன். நீங்கள் திருப்பிக் கொடுத்த அதே டோக்கன் அடுத்த நிமிடம் இன்னொருவர் கைக்குப் போகிறது.

இப்போது செருப்புக்குப் பதிலாக "இந்த நேரத்தில், இந்த விளம்பரத்தை அழுத்தி, இந்தப் பக்கங்களைப் பார்த்தவர்" என்கிற குறிப்பை வையுங்கள். டோக்கனுக்குப் பதிலாக ஒரு போன் நம்பர். வெப்சைட்டைத் திறப்பவருக்கு அந்த நம்பர் திரையில் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் அதே நம்பருக்கு ஒரு அழைப்பு வருகிறது. டோக்கன் திரும்பி வந்துவிட்டது, குறிப்பை எடுத்துப் பார்த்தால் போதும்.

அந்த நம்பர்தான் கால் டிராக்கிங் எண்: நேரடியாக எந்தப் போனிலும் சிம்மாக இல்லாமல், வருகிற அழைப்பைப் பதிவு செய்துகொண்டு உங்கள் உண்மையான நம்பருக்குத் திருப்பிவிடுகிற எண். இதை வெர்ச்சுவல் நம்பர் என்றும் சொல்வார்கள். இந்தியாவில் எக்ஸோடெல், ஓசோனெட்டல், மைஆபரேட்டர் மாதிரியான கிளவுட் டெலிபோனி (இணையம் வழியாக அழைப்புகளைக் கையாளும்) நிறுவனங்கள் இத்தகைய எண்களை வாடகைக்குத் தருகின்றன. வாங்கும்போது தொழில் ஆவணங்களும் அடையாள ஆவணமும் கேட்பார்கள்.

## எளிய வகை: ஒரு இடத்துக்கு ஒரு எண்

முதல் வகையில் மந்திரம் எதுவும் கிடையாது. ரோட்டோரப் போர்டில் ஒரு எண், நோட்டீஸில் ஒரு எண், வெப்சைட்டில் ஒரு எண். எல்லாம் உங்கள் ஒரே போனுக்குத்தான் வந்து சேரும். எந்த எண்ணுக்கு எத்தனை அழைப்பு என்று மாதக் கடைசியில் பார்த்தால் போர்டு வாடகை வீணா இல்லையா என்று தெரிந்துவிடும். இதை நிலையான எண் முறை என்பார்கள்.

இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு கிடையாது. வெப்சைட்டுக்கு விளம்பரம் வழியாக வந்தவரும் நண்பர் அனுப்பிய லிங்க் வழியாக வந்தவரும் ஒரே எண்ணைத்தான் பார்ப்பார்கள். போர்டு, நோட்டீஸ் மாதிரி அச்சில் இருப்பவற்றுக்கு இதைத் தவிர வேறு வழியும் இல்லை, போர்டில் எழுதிய நம்பர் ஆளைப் பார்த்து மாறாது அல்லவா.

## அடுத்த வகை: ஆளுக்கொரு எண்

குழப்பம் எல்லாம் இங்கேதான். ஒரே வெப்சைட்டை ஒரே நேரத்தில் கோயம்புத்தூரில் ஒருவரும் கொச்சியில் ஒருவரும் திறக்கிறார்கள். முதலாமவருக்கு 41 என்று முடிகிற எண் தெரிகிறது, இரண்டாமவருக்கு 42 என்று முடிகிற எண். பக்கத்தில் மற்றதெல்லாம் ஒன்றுதான். இதற்கு டைனமிக் நம்பர் இன்செர்ஷன் என்று பெயர், தமிழில் எண்ணை அந்தந்த நேரத்தில் பொருத்துவது என்று வைத்துக்கொள்ளலாம்.

நடப்பது இதுதான். வெப்சைட்டில் ஒரு சின்ன நிரல் துண்டு சேர்த்திருப்பார்கள். பக்கம் திறந்ததும் அது ஓடி, வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்கும். இதற்கு அதனிடம் சில தடயங்கள் உண்டு. எந்தத் தளத்திலிருந்து இங்கே தாவினார் என்பதைப் பல நேரம் பிரவுசரே சொல்லிவிடும். லிங்க்கின் முடிவில் கேள்விக்குறிக்குப் பின்னால் நீளமாக ஒட்டியிருக்கிற வால் இன்னும் நிறையச் சொல்லும். நீங்களே இன்ஸ்டாகிராமில் போட்ட லிங்க் என்றால் யூடிஎம் என்று தொடங்குகிற சொற்களை அந்த வாலில் சேர்த்து, இது இன்ஸ்டாகிராம், இது மே மாத விளம்பரம் என்று எழுதி வைக்கலாம். கூகுள் விளம்பரத்தை அழுத்தி வந்தவர் என்றால் கூகுளே ஜிசிஎல்ஐடி என்கிற ஒரு நீண்ட குறியீட்டை ஒட்டி அனுப்பும், அது அந்த ஒரு கிளிக்குக்கு மட்டுமே உரியது.

தடயங்களைச் சேகரித்ததும் நிரல் துண்டு டிராக்கிங் நிறுவனத்தின் சர்வரிடம் "ஒரு எண் கொடு" என்று கேட்கிறது. சர்வரிடம் ஒரு கட்டு எண்கள் இருக்கின்றன, அதற்கு எண் தொகுப்பு என்று பெயர். அதில் யாரிடமும் இல்லாத ஒன்றை எடுத்து, "41 இப்போது இந்த வருகையாளருக்கு" என்று நேரத்தோடு எழுதிவைத்துவிட்டு அனுப்புகிறது. நிரல் துண்டு பக்கத்தில் உங்கள் பழைய எண் இருக்கிற இடமெல்லாம் தேடி 41ஐ வைக்கிறது. கண் இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும், பார்ப்பவருக்கு நம்பர் மாறியதே தெரியாது. அவர் அடுத்த பக்கத்துக்குப் போனாலும் அதே 41 தெரிய வேண்டும் என்பதற்காக அவருடைய பிரவுசரில் ஒரு சின்னக் குறிப்பை விட்டுவைக்கும். குக்கி என்பது அதுதான்.

அப்புறம் அவர் கூப்பிடுகிறார். டிராக்கிங் நிறுவனத்துக்குத் தெரிவது: அழைப்பு வந்தது 41க்கு, வந்த நேரம் இது, கூப்பிட்டவரின் எண் இது. இந்த நேரத்தில் 41 யாரிடம் இருந்தது என்று பதிவேட்டைப் பார்க்கிறது. பொருந்திவிட்டது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: வெப்சைட்டுக்கு ஆளைத் தெரியாது, எந்தத் திரைக்கு எந்த எண்ணைக் காட்டினோம் என்பது தெரியும். போன் கம்பெனிக்கு வெப்சைட்டைத் தெரியாது, எந்த எண்ணுக்கு யார் கூப்பிட்டார் என்பது தெரியும். இரண்டு பதிவேட்டுக்கும் பொதுவாக இருப்பது அந்த எண்ணும் நேரமும். அந்தப் பொது எண்ணை வைத்து ஊகிக்கிறார்கள். நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகம்.

## எத்தனை எண் வேண்டும்?

வெப்சைட்டுக்கு மாதம் 3,000 பேர் வந்தால் 3,000 எண் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். டோக்கன் திரும்பவும் பயன்படுகிறது என்பதுதான் இங்கே உதவி. தேவைப்படுவது *ஒரே நேரத்தில்* எத்தனை பேர் கையில் எண் இருக்கும் என்பதைப் பொறுத்தது.

சீசனில் சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரத்தில் 40 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பக்கத்தைப் பார்ப்பது 5 நிமிடம். மூடியதும் எண்ணைப் பிடுங்கிவிட முடியாது, வீட்டில் பேசிவிட்டுக் கூப்பிடலாம் என்று இன்னும் 25 நிமிடம் அவருக்கே விட்டுவைக்கிறோம். ஆக ஒருவரிடம் எண் அரை மணி நேரம் இருக்கும். மணிக்கு 40 பேர், ஆளுக்கு அரை மணி என்றால் சராசரியாக 20 எண் எப்போதும் வெளியே இருக்கும். ஆட்கள் வரிசையாக வருவதில்லை, கும்பலாக வருவார்கள், அதனால் 30 வைத்திருந்தால் சமாளிக்கலாம். அதே வெப்சைட்டுக்கு ஆகஸ்ட் மாத மழையில் மணிக்கு 4 பேர்தான் என்றால் 2 எண்ணே சராசரிக்குப் போதும். வாடகை எண்ணுக்கு எண் என்பதால் சீசனையும் சீசன் இல்லாத காலத்தையும் ஒரே தொகுப்பில் ஓட்டுவது வீண் செலவு.

எண் தீர்ந்துவிட்டால்? பெரும்பாலும் ஒரு பொது எண்ணைக் காட்டும்படி வைத்திருப்பார்கள். அழைப்பு வரும், பேசலாம், யார் எந்த வழி வந்தார் என்பது மட்டும் தெரியாது. இன்னொரு வழி, காசு கொடுத்து வரவழைத்தவர்களுக்கு, அதாவது விளம்பரத்தை அழுத்தி வந்தவர்களுக்கு மட்டும் தனித்தனி எண், மற்றவர்களுக்கெல்லாம் ஒரே நிலையான எண். சின்ன இடங்களுக்கு இதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

## அழைப்பு மலை ஏறி வரும் வழி

கூப்பிட்டவர் நேராக உங்களிடம் வருவதில்லை. அவருடைய அழைப்பு டிராக்கிங் நிறுவனத்தின் எண்ணில் போய் நிற்கிறது, அங்கிருந்து உங்கள் போனுக்கு இரண்டாவது அழைப்பு கிளம்புகிறது, இரண்டையும் சேர்த்து ஒட்டுகிறார்கள். இந்த இரண்டாவது அழைப்புக்கான நிமிடக் காசு பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான் சேரும். மாத வாடகை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இதில் ஒரு சிக்கல். சில சேவைகளில் உங்கள் போன் திரையில் கூப்பிட்டவரின் எண் வராது, நிறுவனத்தின் எண்தான் வரும். நீங்கள் மன்னவனூர்ப் பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்துவிட்டு வந்து, தவறிய அழைப்பைப் பார்த்து அந்த எண்ணுக்கே திருப்பிக் கூப்பிட்டால் வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார். அவருடைய எண் நிறுவனத்தின் ஆப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வந்திருக்கும், அதைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். இதை வேலையாட்களிடம் முதல் நாளே சொல்லாவிட்டால் குழப்பம்தான்.

ஆனால் இதே அமைப்பில்தான் மலைக்காரர்களுக்கு உண்மையான லாபமும் இருக்கிறது. உங்கள் போன் சிக்னலில் இல்லாமல் போனாலும் முதல் அழைப்பு நிறுவனத்தின் எண்ணுக்கு வந்து பதிவாகிவிடுகிறது. யார், எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்று எல்லாம் இருக்கும். முதல் போன் கிடைக்காவிட்டால் அண்ணன் போனுக்கு, அதுவும் இல்லாவிட்டால் ரிசப்ஷன் லேண்ட்லைனுக்கு என்று வரிசை வைக்கலாம். பூம்பாறை, கவுஞ்சி பக்கம் இடம் வைத்திருப்பவர்களுக்கு, எந்த விளம்பரம் வேலை செய்கிறது என்பதைவிட எத்தனை அழைப்பு கைக்கே வராமல் போகிறது என்பதுதான் பெரிய செய்தி. விற்பவர்கள் இதைக் கடைசி வரியில் சொல்வார்கள், நான் முதல் வரியில் வைப்பேன்.

## பொருத்தம் தவறும் இடங்கள்

ரிப்போர்ட்டில் "இந்த அழைப்பு இந்த விளம்பரத்திலிருந்து" என்று அழகாக எழுதி வரும்போது அது கல்வெட்டு மாதிரி தோன்றும். எங்கெல்லாம் வழுக்கும் என்று தெரிந்திருந்தால் நல்லது.

கணவர் ஆபீசில் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்கிறார், மனைவி மூன்று நாள் கழித்து அந்த எண்ணுக்குக் கூப்பிடுகிறார். அதற்குள் 41 வேறு பத்துப் பேருக்குக் காட்டப்பட்டிருக்கும். பதிவேடு கடைசியாக 41ஐப் பார்த்தவரோடு இந்த அழைப்பைப் பொருத்திவிடலாம், அல்லது யாருக்கும் பொருந்தவில்லை என்று விட்டுவிடலாம். எண்ணை ஆளுக்கு அதிக நேரம் விட்டுவைத்தால் இந்தத் தவறு குறையும், ஆனால் தொகுப்பு பெரிதாக வேண்டும், செலவு ஏறும். இந்த இழுபறிக்கு ஒரே சரியான விடை கிடையாது.

ஒருவர் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுகிறார். அந்தப் படத்தில் 41 உறைந்து நிற்கிறது. 41 அவர் பெயரில் இருக்கும் வரை குரூப்பில் யார் கூப்பிட்டாலும் முதலாமவரின் கணக்கில்தான் விழும். இதைப் பெரிய தவறு என்றும் சொல்ல முடியாது, அவர் வழியாகத்தானே வந்தது.

லேப்டாப்பில் விளம்பரத்தை அழுத்திப் பார்த்தவர் ராத்திரி போனில் பெயரைத் தேடி மறுபடி வந்தால், இரண்டு பிரவுசர் என்பதால் இரண்டு ஆட்கள். ஐபோனின் சஃபாரி, இப்படி நிரல் துண்டு விட்டுவைக்கிற குக்கியை 7 நாளில் அழித்துவிடும். பத்து நாள் யோசித்துவிட்டு வருகிற ஐபோன்காரர் உங்கள் கணக்கில் புது ஆள்.

நம்ம ஊர் வெப்சைட்களுக்கே உரிய ஒன்று: போன் நம்பர் எழுத்தாக இல்லாமல், பனிமூட்டமும் பைன் மரமும் போட்டு டிசைன் செய்த பேனர் படத்துக்குள் இருக்கும். நிரல் துண்டு எழுத்தைத்தான் மாற்றும், படத்துக்குள் கை வைக்காது. மேலே படத்தில் பழைய எண், கீழே புது எண் என்று இரண்டு தெரிந்தால், போலி காட்டேஜ் புக்கிங் மோசடிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிற வாடிக்கையாளர் எதை நம்புவார்? அதே மாதிரி, 04542 என்று தொடங்கும் எண்ணை எதிர்பார்க்கிறவருக்கு வேறு நகரத்தின் கோடு தெரிந்தால் இடையில் யாரோ புரோக்கர் என்று நினைக்கலாம். எண் எடுக்கும் முன் எந்த ஊர்க் கோடு கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வாட்ஸ்ஆப். வெப்சைட்டில் பச்சை பட்டன் இருந்தால் பாதிப் பேர் அதைத்தான் அழுத்துவார்கள். அந்த உரையாடலும் வாட்ஸ்ஆப் காலும் டிராக்கிங் எண்ணின் பக்கமே வராது. கூகுள் மேப்ஸில் உங்கள் கடைப் பெயருக்கு எதிரே இருக்கிற எண்ணும் அப்படித்தான், வெப்சைட்டின் நிரல் துண்டு அங்கே ஓடாது. அங்கே வேண்டுமானால் தனியாக ஒரு நிலையான டிராக்கிங் எண்ணை முதல் எண்ணாகவும் உங்கள் சொந்த எண்ணைக் கூடுதல் எண்ணாகவும் கொடுக்கலாம்.

## பட்டனை அழுத்துவது, அழைப்பு, புக்கிங்: மூன்றும் வேறு

"இந்த மாதம் வெப்சைட்டிலிருந்து 120 அழைப்பு" என்று யாராவது ரிப்போர்ட் காட்டினால் முதலில் கேட்க வேண்டியது, எதை எண்ணினீர்கள் என்பதுதான். செல்போனில் "அழைக்க" என்கிற பட்டனைத் தொட்டால் எண்ணோடு டயலர் திறக்கும், பச்சைப் பொத்தானை அவர் இன்னும் அழுத்தவில்லை. கூகுள் அனலிட்டிக்ஸ் மாதிரியான கருவிகள் எண்ணுவது அந்தத் தொடுதலை மட்டும்தான். கை தவறித் தொட்டவரும் அதில் உண்டு. டிராக்கிங் எண் எண்ணுவது உண்மையில் வந்து சேர்ந்த அழைப்பை. இரண்டு கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

வந்த அழைப்பும் வியாபாரம் இல்லை. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதிலிருந்து, ரூம் எடுக்கும் உத்தேசமே இல்லாமல் "இ-பாஸ் எப்படி எடுக்கிறது" என்று கேட்க மட்டும் காட்டேஜ்களுக்குப் போன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மழை பெய்கிறதா, ரோடு திறந்திருக்கிறதா என்பவர்களும். ரிப்போர்ட்டில் இதெல்லாம் "லீட்", அதாவது வாடிக்கையாளராக மாறக்கூடியவர்.

பேசிய நேரத்தை வைத்து வடிகட்டலாம் என்பார்கள். கூகுள் விளம்பரக் கணக்கில் ஒரு அழைப்பைப் பலனாகக் கணக்கில் எடுக்க வழக்கமாக 60 விநாடி என்று இருக்கும், நாம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இ-பாஸ் விளக்கம் கேட்பவர் நாலு நிமிடம் பேசுவார். வருஷா வருஷம் வருகிற மதுரைக்காரர் "அண்ணே, 14, 15 ரெண்டு நாள், அதே ரூம்" என்று இருபது விநாடியில் முடித்துவிடுவார். நேரத்தை வைத்து எண்ணினால் முதலாமவர் வெற்றி, இரண்டாமவர் கணக்கிலேயே இல்லை.

இதற்கு மருந்து எளிது, ஆனால் சோம்பல் இடம் கொடுக்காது: பேசி முடித்ததும் ஆப்பில் அந்த அழைப்புக்கு எதிரே "புக் ஆனது", "விசாரணை", "சும்மா" என்று ஒரு குறி போடுவது. இதைச் செய்தால்தான் அடுத்த படிக்கே போக முடியும். கூகுள் விளம்பரத்திலிருந்து வந்த அழைப்பு என்றால் அந்த ஜிசிஎல்ஐடி பதிவேட்டில் இருக்கிறது அல்லவா, கிளிக் நடந்து 90 நாளுக்குள் "இந்தக் கிளிக் புக்கிங்காக முடிந்தது" என்று கூகுளுக்குத் திருப்பிச் சொல்லலாம். அது எந்த மாதிரித் தேடலுக்கு உங்கள் விளம்பரத்தைக் காட்டலாம் என்று அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். குறி போடாமல் எல்லா அழைப்பையும் வெற்றி என்று அனுப்பினால், உங்கள் காசிலேயே இ-பாஸ் விசாரிப்பவர்களை இன்னும் அதிகமாகக் கூட்டி வரும்.

சுருக்கமாக: தொடுதல் நிறைய, அழைப்பு அதைவிடக் குறைவு, புக்கிங் இன்னும் குறைவு. டிராக்கிங் எண் நடுவில் இருப்பதைத்தான் அளக்கிறது. கடைசியை அளப்பது உங்கள் கை.

## ஒட்டுக்கேட்பதா?

எண்ணை மாற்றிக் காட்டுவதில் ஒட்டுக்கேட்பது எதுவும் இல்லை. உரையாடலைப் பதிவு செய்வது தனி வசதி, வேண்டும் என்றால் போடலாம், வேண்டாம் என்றால் நிறுத்தலாம். போட்டால் "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று தொடக்கத்திலேயே கேட்கும்படி வையுங்கள். என்னைக் கேட்டால் ஆறு ரூம் வைத்திருப்பவருக்குப் பதிவு தேவையே இல்லை.

ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கூப்பிடும் வரை அந்த வருகையாளர் பெயர் இல்லாத ஒரு குறிப்பு. கூப்பிட்ட நொடியில் அவர் பார்த்த பக்கங்கள், வந்த வழி, எல்லாம் ஒரு உண்மையான போன் நம்பரோடு ஒட்டிக்கொள்கிறது. அவருக்கு இது தெரியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுவது இத்தகைய தனிநபர் தகவலைப் பற்றித்தான். இப்படிச் சேகரிக்கிறோம் என்பதை வெப்சைட்டின் தனியுரிமைப் பக்கத்தில் எளிய தமிழில் எழுதி வையுங்கள், வேறு தளத்திலிருந்து நகலெடுத்த ஆங்கிலப் பத்தி போதாது. ஒரு தடவை ரூம் விசாரித்தவர் என்பதற்காக ஒவ்வொரு சீசனுக்கும் அவரைக் கூப்பிட்டுத் தள்ளுபடி சொல்வதும் கூடாது. விருப்பமில்லாதவர்களுக்கு வரும் வியாபார அழைப்புகளுக்கென்றே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018ல் விதிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது.

## உங்களுக்குத் தேவையா?

விளம்பரத்துக்குக் காசே செலவழிக்காமல், தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் வருகிற ஹோம்ஸ்டே என்றால் தேவையில்லை. ரிசப்ஷனில் ஒரு நோட்டும், சரியாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியும் போதும். "எங்கே பார்த்தீங்க" என்பதைவிட "முதல்ல எப்படிக் கேள்விப்பட்டீங்க" என்று கேட்டால் கொஞ்சம் உண்மை வரும்.

போர்டு, நோட்டீஸ், வெப்சைட் என்று இரண்டு மூன்று வழியில் காசு போகிறது என்றால் நிலையான எண்கள் இரண்டு மூன்று. ஆளுக்கொரு எண் என்பது கூகுள் விளம்பரத்துக்கு மாதாமாதம் கணிசமாகச் செலவழித்து, எந்தத் தேடல் சொல்லுக்குக் காசு கொடுக்கலாம், எதை நிறுத்தலாம் என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு. பல காட்டேஜ்களைச் சேர்த்து நடத்துகிறவர்கள், டிராவல்ஸ்காரர்கள், ரிசார்ட்கள் அந்த வகை. ஐந்து அழைப்பு வருகிற இடத்தில் முப்பது எண் வாடகைக்கு எடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

## எண் யாருடையது

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி, சேவையை நிறுத்தினால் எண் என்ன ஆகும் என்பது. வாடகை எண் திரும்பவும் நிறுவனத்திடம் போகும், பிறகு வேறு யாருக்காவது கொடுக்கப்படலாம். அப்படி ஏற்கெனவே கைமாறி வந்த எண் உங்களுக்குக் கிடைத்தால், முதல் சில வாரம் யாரோ ஒரு கோச்சிங் சென்டருக்கு வருகிற அழைப்பெல்லாம் உங்களுக்கு வரும், உங்கள் ரிப்போர்ட்டிலும் ஏறும். புது எண்ணா, பழைய எண்ணா, பழையது என்றால் எத்தனை நாள் சும்மா வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள்.

வெப்சைட்டில் மாறி மாறித் தெரிகிற எண்களைத் திருப்பிக் கொடுப்பதில் நஷ்டம் குறைவு. அச்சில் போனது அப்படியில்லை. 2018ல் குறிஞ்சி பூத்தபோது அடித்த நோட்டீஸை இன்னமும் பர்ஸில் மடித்து வைத்திருக்கிறவர்கள் இருப்பார்கள், அடுத்து 2030ல் பூக்கும்போது அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். அதனால் போர்டுக்கும் நோட்டீஸுக்கும் விசிட்டிங் கார்டுக்கும் போடுகிற எண்ணை, வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா, முடியாவிட்டால் நிறுத்திய பிறகும் எத்தனை மாதம் உங்கள் போனுக்குத் திருப்பிவிடுவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் அச்சுக்கு உங்கள் சொந்த எண்ணையே கொடுங்கள், அந்த வழியை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டால் போகிறது.